அஞ்சல்தலையும் அருந்தொண்டும்

மக்கள் தொகுத்து மகிழும் பொருள்கள் பலவாகும். கடற்கரையில் சிப்பி பொறுக்கும் குழந்தை முதல், பழங்காசுகளைத் தேடி ஊர்தோறும் அலையும் முதியவர் வரை, தொகுக்கும் ஆர்வம் இல்லாதவர் மிகச் சிலரே. அத்தகைய தொகுப்புகளுள் உலகெங்கும் பரவி நிற்பது அஞ்சல்தலைத் தொகுப்பு. அதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எள்ளுவோர் உண்டு. தன்னலம் வளர்க்கும் பழக்கம் என்று பழிப்போரும் உண்டு. நாற்பது ஆண்டுகளாக அக்கலையை அருகிருந்து கண்டவன் யான். தன் பெட்டியை நிரப்பும் ஆசையில் தொடங்கும் அப்பழக்கம், தக்கவர் கைப்பட்டால் பிறர்க்கு உழைக்கும் பண்பாக முதிரும் என்பதைக் கண்ணாரக் கண்டேன். அதனை மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அஞ்சல்தலை பிறந்ததே ஏழை எளியவரின் நலன் கருதித்தான். முற்காலத்தில் இங்கிலாந்தில் கடிதத்திற்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தி வந்தனர். செல்லும் தொலைவும் தாள்களின் எண்ணிக்கையும் கூடக் கூடக் கட்டணமும் கூடிற்று. தொலைவில் வாழும் மகனிடமிருந்து வந்த கடிதத்தைக் காசு கொடுத்துப் பெற இயலாமல் தாய் திருப்பியனுப்பும் நிலையும் இருந்தது. அந்நிலையை மாற்ற எண்ணிய ரோலண்டு ஹில் என்பார், 1837ஆம் ஆண்டில் அஞ்சல் சீர்திருத்தம் பற்றிச் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். நாடு முழுமைக்கும் ஒரே குறைந்த கட்டணம் வேண்டும். அதனை அனுப்புபவரே முன்னதாகச் செலுத்த வேண்டும் என்பன அவர்தம் கருத்துகள். அவற்றின் பயனாக 1840ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் உலகின் முதல் அஞ்சல்தலை வழக்கிற்கு வந்தது. விக்டோரியா அரசியாரின் திருமுகம் பொறித்த அக்கருநிறத் தலையைப் 'பென்னி பிளாக்' என்பர். ஒரு பென்னி விலையுள்ள அச்சிறு துண்டை ஒட்டிவிட்டால், அரை அவுன்சு எடையுள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் சென்று சேர்ந்தது.

நம் நாட்டு வரலாறும் சுவை மிக்கது. 1852ஆம் ஆண்டில் சிந்து மாநிலத்தின் ஆணையராக இருந்த பார்ட்டில் பிரீர் என்பவர் அரையணா அஞ்சல்தலையை வெளியிட்டார். ஆசியாக் கண்டத்தின் முதல் அஞ்சல்தலை அதுவே. 1854ஆம் ஆண்டில் இந்தியா முழுமைக்கும் உரிய அஞ்சல்தலைகள் கல்கத்தாவில் அச்சாயின. அவற்றுள் நாலணாத் தலை சிலவற்றில் அரசியாரின் தலை கீழ்மேலாக அச்சாகிவிட்டது. அச்சகத்தார் செய்த அப்பிழை, இன்று பெருஞ்செல்வர்களும் தேடியலையும் அரும்பொருளாகத் திகழ்கின்றது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அஞ்சல்தலை 1947ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மூவண்ணக் கொடியுடன் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் காந்தியடிகளின் நினைவாக நான்கு தலைகள் வெளியாயின. அவற்றின் விலை முறையே 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய் ஆகும். சுவிட்சர்லாந்து நாட்டில் அச்சிடப்பெற்ற அந்நான்கனுள் 10 ரூபாய்த் தலையைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அதனை நினைவில் வையுங்கள்.

அஞ்சல்தலையைத் தனியொருவர் எவ்வளவு முயன்றாலும் தனித்திருந்து நன்கு தொகுத்தல் இயலாது. தம்மிடம் இரண்டாக இருப்பதைக் கொடுத்துத் தம்மிடம் இல்லாததைப் பெற ஒரு துணை வேண்டும். உண்மைத் தலையையும் போலித் தலையையும் வேறு பிரித்துக் காட்ட அறிந்தவர் ஒருவர் வேண்டும். ஐயம் எழுந்தால் புரட்டிப் பார்க்க நூல்கள் வேண்டும். இத்தேவைகளால் தோன்றியனவே அஞ்சல்தலைச் சங்கங்கள். 1869இல் இலண்டனிலும், 1897இல் இந்தியாவிலும், 1956இல் சென்னையிலும் அத்தகைய சங்கங்கள் எழுந்தன. சங்கம் என்று பெயர் சூட்டிவிட்டால் போதுமா? கூட்டத்திற்கு நாள் குறிப்பவர் யார்? கணக்கு எழுதுபவர் யார்? நூல்களைத் தூசு தட்டி அடுக்குபவர் யார்? ஊதியம் கருதாமல் இவற்றைச் செய்ய எங்கேனும் ஒருவர் முன்வந்ததனால்தான் சங்கங்கள் நிலைத்தன.

இங்கிலாந்தில் வாழ்ந்த பிரெட் மெல்வில் என்பவரின் வரலாறு உங்கள் போன்ற இளையோர் அறியத்தக்கது. இலண்டன் சங்கத்தில் சேர விரும்பிய அவரை, வயது போதாது என்று கூறிச் சங்கத்தார் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பொழுது அவர் பதினேழு வயதினர். பிறராயின் சினந்து தொகுப்பைத் தூக்கி எறிந்திருப்பர்; அல்லது தம் அறைக்குள் அடங்கியிருப்பர். மெல்வில் இளையோர்க்கென்றே 1899ஆம் ஆண்டில் தனிச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். தமக்கு அடைக்கப்பட்ட கதவைப் பிறர்க்குத் திறந்துவிட்டார்! தொடக்க நிலையினர்க்கும் விளங்கும் வகையில் பற்பல நூல்கள் எழுதினார். அவர் நிறுவிய சங்கம் பிற்காலத்தில் 'தேசிய அஞ்சல்தலைச் சங்கம்' என்னும் பெயர் பெற்று வளர்ந்தது.

எட்வர்டு பேக்கன் என்னும் மற்றொருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். தாமஸ் டாப்ளிங் என்பவர் 1891ஆம் ஆண்டில் இறந்தபொழுது, தம் பெருந்தொகுப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு வழங்கிச் சென்றார். அதனை ஒழுங்குபடுத்திப் பொதுமக்கள் காணும்படி அமைத்த பணி பேக்கனுடையது. கிராபோர்டு பிரபு என்பவர் அஞ்சல்தலை பற்றிய நூல்களைத் திரட்டி அமைத்த பெரிய நூலகத்திற்கு, 1911ஆம் ஆண்டில் வெளியான நூற்பட்டியைத் தொகுத்தவரும் அவரே. தேடியவர் புகழ் ஓங்கிற்று. அத்தேட்டம் பிறர்க்குப் பயன்படுமாறு நிரல்படுத்தியவரின் உழைப்போ அமைதியாக நடந்தது. 1921ஆம் ஆண்டில் சிறந்த அஞ்சல்தலை அறிஞர்களின் பெயர்ச் சுருள் ஒன்று பிரிட்டனில் ஏற்படுத்தப்பட்டது. அதில் கையொப்பமிட்டவர்களுள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் உண்டு, பேக்கனும் உண்டு. மன்னரின் பெயரும் பட்டியல் எழுதியவரின் பெயரும் ஒரே சுருளில் இடம்பெற்றதை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் மகிழ்கின்றது.

சுருளில் பெயர் ஏறாத தொண்டர்களோ எண்ணிறந்தோர். அவர்களுள் ஒருவரோடு பழகும் பேறு எனக்கு வாய்த்தது.

காவிரிக் கரையிலுள்ள ஊர் ஒன்றில் 1984ஆம் ஆண்டு யான் தமிழாசிரியனாகப் பணியேற்றேன். அவ்வூரில் அஞ்சல்தலைச் சங்கம் ஒன்று இருந்தது. வள்ளுவர்க்கும் பாரதியார்க்கும் 1960ஆம் ஆண்டிலும், கம்பர்க்கு 1966ஆம் ஆண்டிலும் அஞ்சல்தலைகள் வெளியாகியிருந்தன. அவற்றை வகுப்பில் மாணவர்க்குக் காட்டலாமே என்னும் விருப்பத்தால் அச்சங்கத்தை நாடினேன். ஒவ்வொரு திங்களும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளியின் வகுப்பறை ஒன்றில் அது கூடும். அதன் செயலர், இரயில் அஞ்சல் பிரிப்பகத்தில் பணியாற்றியவர். ஓடும் இரயில் பெட்டியில் இரவெல்லாம் நின்று, ஊர்வாரியாகக் கடிதங்களைப் பிரித்து அடுக்குவது அவர்தம் தொழில். விடியலில் வீடு திரும்பி, நீராடி, சிறிது கண்ணயர்ந்தபின் சங்கப் பணியைத் தொடங்குவார். 1976ஆம் ஆண்டு முதல் 2012ஆம் ஆண்டு வரை முப்பத்தாறு ஆண்டுகள் அச்சங்கத்தின் செயலராக அவர் விளங்கினார். தம் பெயரை எங்கும் எழுதலாகாது என்று அவர் பலகால் கூறியதுண்டு. ஆகவே, 'செயலர்' என்றே யானும் குறிப்பிடுகின்றேன்.

அவர் ஆற்றிய பணிகளுள் தலையாயது பரிமாற்றக் கட்டினை நடத்துதல். உறுப்பினர் தம்மிடம் மிகுதியாக உள்ள தலைகளைச் சிறு குறிப்பேட்டில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் விலை எழுதிச் செயலரிடம் தருவர். அவர் பத்துக் குறிப்பேடுகளை ஒரு கட்டாகக் கட்டிப் பட்டியலில் உள்ள முதல் உறுப்பினர்க்கு அனுப்புவார். அவர் வேண்டுவனவற்றை எடுத்துக்கொண்டு, வெறுமையான இடத்தில் கையொப்பமிட்டு, மூன்று நாள்களுக்குள் அடுத்தவர்க்கு அனுப்ப வேண்டும். கட்டு ஊர் பல சுற்றித் திரும்பியதும், எவர் எதனை எடுத்தார், எவர்க்கு எவ்வளவு சேர வேண்டும் என்று செயலர் கணக்கிட்டுப் பணத்தைப் பகிர்ந்தளிப்பார். காவலரும் இல்லை, கடையும் இல்லை. ஒருவர் மற்றவர்பால் வைத்த நம்பிக்கையே அதற்கு முதலாக நின்றது. அந்நம்பிக்கைக்குப் பாதுகாவலாக இருந்தவர் செயலர். ஐந்து காசு குறைந்தாலும் நள்ளிரவு வரை கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்ப்பார். "காசு சிறிது, புலவரே! அதன் பின்னால் நிற்கும் நாணயம் பெரிது" என்பார்.

சிறுவர்க்குக் கற்பிப்பதில் அவர் காட்டிய பொறுமை, ஆசிரியனாகிய என்னையும் வியக்கச் செய்தது. உறையில் ஒட்டிய தலையைப் பிய்த்து எடுக்கலாகாது. சுற்றியுள்ள தாளோடு கத்தரித்து, தூய நீரில் மிதக்கவிட்டு, பசை கரைந்து தானாகப் பிரியும் வரை காத்திருந்து, மையொற்றுத் தாளின் இடையே உலர்த்த வேண்டும். விரலால் தொடாமல் சிறு இடுக்கியால் எடுக்க வேண்டும். ஓரத்துத் துளைகளை அளவுகோல் வைத்து எண்ண வேண்டும். தாளில் நீர்க்குறி உண்டா என்று பார்க்க வேண்டும். கார்காலத்து ஈரத்தில் தாளில் பழுப்புப் புள்ளிகள் படரும். ஆதலால் தொகுப்பேட்டை அவ்வப்போது திறந்து காற்றாட வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் புதிதாக வரும் ஒவ்வொரு சிறுவனுக்கும் முதன்முறை சொல்வது போலவே அவர் சொல்வார். சுட்டித்தனம் மிக்க பிள்ளைகளும் அந்த நீர்க்கிண்ணத்தின் முன் அசையாமல் அமர்ந்திருப்பதை யான் கண்டிருக்கின்றேன்.

இனி, யான் மேலே நினைவில் வைக்கச் சொன்ன 10 ரூபாய்த் தலைக்கு வருவோம். 1948ஆம் ஆண்டில் 10 ரூபாய் என்பது பெருந்தொகை. ஆகவே, எளியவர் அதனை வாங்கவில்லை. இன்றோ அது பல்லாயிரம் ரூபாய் பெறும். எங்கள் செயலர் சுதந்திர இந்தியாவின் தலைகளை வாழ்நாளெல்லாம் தொகுத்தவர். அவர் தொகுப்பேட்டில் காந்தியடிகளின் பக்கத்தில் மூன்று தலைகள் இருந்தன. நான்காம் கட்டம் வெறுமையாகவே இருந்தது. பணி ஓய்வுக்குப் பின் வாங்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

1993ஆம் ஆண்டில் ஒருநாள் அம்மையார் ஒருவர் துணிப்பையில் பழைய தொகுப்பேடு ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் கணவர் இறந்து ஆறு திங்கள் ஆகியிருந்தன. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டும். வெளியூர் வணிகர் ஒருவர் முழு ஏட்டிற்கும் 500 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாது, தம்பி. நீங்கள் சரி என்றால் கொடுத்துவிடுகிறேன், உங்களுக்கு வேண்டுமானால் அதே விலைக்கு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் அம்மையார்.

செயலர் ஏட்டைப் புரட்டினார். யான் அருகில் அமர்ந்திருந்தேன். ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. காந்தியடிகளின் நான்கு தலைகளும் முத்திரை படாமல் புத்தம் புதியனவாக அங்கே இருந்தன. உருப்பெருக்கியை எடுத்து நான்காவது தலையை நெடுநேரம் நோக்கினார். அத்தலைக்குப் போலிகள் உண்டு. ஆதலால் அச்சின் நுண்மையையும் ஓரத் துளைகளையும் ஆராய்ந்தார். அது உண்மைத் தலையே. இருபது ஆண்டுகளாக அவர் தேடிய பொருள் அவர் கையில் இருந்தது. 'சரி' என்னும் ஒரு சொல் போதும், அது அவருடையதாகிவிடும். அறிந்தவர் வேறு எவரும் அங்கில்லை. எனக்கும் அக்காலத்தில் அதன் மதிப்புத் தெரியாது.

அவர் உருப்பெருக்கியைக் கீழே வைத்தார். "அம்மா! இந்த ஏட்டை 500 ரூபாய்க்கு எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இந்த ஒரு பக்கமே அதனைப் போலப் பன்மடங்கு பெறும். தலைகளைத் தனித்தனியே பிரிக்கவும் வேண்டா. எனக்கு இரண்டு வாரம் தவணை கொடுங்கள்" என்றார். அவ்விரண்டு வாரமும் பணி முடிந்த நேரமெல்லாம் ஏட்டிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுதினார். சென்னையிலுள்ள தொகுப்பாளர் மூவர்க்குக் கடிதம் எழுதி விலை கேட்டார். மிகுந்த விலை சொன்னவர்க்கு அம்மையாரைக் கொண்டே விற்கச் செய்தார். அப்பணம் மகளின் மூன்றாண்டுக் கட்டணத்திற்கும் போதியதாயிற்று. அம்மையார் நன்றிக்கடனாக ஒரு தொகை கொடுக்க வந்தபோது, சங்கத்தின் நூல் நிலையத்திற்கு ஒரு விலைப்பட்டி நூல் வாங்கித் தருமாறு மட்டும் கேட்டுக்கொண்டார்.

அன்று மாலை அவரோடு ஆற்றங்கரை வழியே நடந்தேன். "ஐயா, தங்களுக்கு ஆசை எழவில்லையா?" என்று கேட்டேன். "எழாமல் இருக்குமா, புலவரே! நன்றாகவே எழுந்தது. ஆனால், ஓர் அம்மா என்னை நம்பி ஏட்டைத் திறந்து வைத்தார்கள். அந்த நம்பிக்கையை விற்று வாங்கிய தலையை நாளைக்கு எந்தப் பையனிடம் காட்டுவேன்?" என்றார். அதற்குமேல் அதுபற்றி அவர் பேசவில்லை.

ஓய்வுக்குப் பின்னும் அக்கட்டம் நிரம்பவில்லை. ஓய்வுப் பணத்திற்கு இல்லத்தில் வேறு செலவுகள் காத்திருந்தன. அவரிடம் பயின்ற மாணவர் சிலர் நல்ல பணியில் அமர்ந்து, ஒன்றுகூடி அத்தலையை வாங்கி அவர்க்குப் பரிசளிக்க முனைந்தனர். செய்தி அறிந்த செயலர் அவர்களைத் தடுத்து, அப்பணத்தைக் கொண்டு சங்கத்துப் பிள்ளைகளுக்கு உருப்பெருக்கிகளும் இடுக்கிகளும் தொகுப்பேடுகளும் வாங்கச் செய்தார். இன்றும் புதிய பிள்ளைகள் பயன்படுத்துவன அவையே.

2012ஆம் ஆண்டில் அவர் கண்பார்வை மங்கிற்று. நுண்ணிய துளைகளை எண்ண இயலவில்லை. சங்கத்தின் கணக்கேட்டை யாரிடம் ஒப்படைப்பது என்னும் கவலை அவரை வாட்டியது. அஃது எளிய கவலையன்று. கைப்பேசியிலேயே செய்தி அனுப்பும் பழக்கம் பெருகி, வீடுகளுக்கு வரும் கடிதங்கள் அருகிவிட்டன. கூட்டத்திற்கு வருவோர் பத்துப் பன்னிருவராகக் குறைந்தனர். சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்று உறுப்பினர் சிலரே கூறினர். செயலர் எல்லோர் முன்னும் கணக்கேட்டை மேசையின் மேல் வைத்து, "இதனை எடுப்பவர் உண்டா?" என்று கேட்டார். சிறிது நேரம் அறை அமைதியாக இருந்தது. பின்னர், கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த மாணவி ஒருத்தி எழுந்து சென்று அதனைக் கையில் எடுத்தாள். அவள் எட்டாம் வகுப்பில் என்னிடம் தமிழ் பயின்றவள். அஞ்சல்தலையைக் கழுவி உலர்த்தச் செயலரிடம் கற்றவள். இப்பொழுது சங்கத்தின் செயலர் அவளே. 2017ஆம் ஆண்டில் அஞ்சல்தலை ஆர்வமுள்ள பள்ளி மாணவர்க்கென நடுவணரசின் அஞ்சல் துறை உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயிலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை அதன் தேர்வுக்குப் பயிற்றியவளும் அவளே. அதனைக் கேட்டு மகிழ்ந்த முதியவர் ஈராண்டு கழித்து இயற்கை எய்தினார்.

மாணவர்களே! பழைய ஏட்டுச்சுவடிகளை ஓதிப் பயின்ற ஆசிரியர்களிடம் தமிழ் கற்றவன் யான். ஓலை நெடுங்காலம் நில்லாது, செல்லரிக்கும், முறியும். தலைமுறைதோறும் எவரோ ஒருவர் பழைய ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதியதனால்தான் நம் நூல்கள் நம் கைக்கு வந்தன. அவ்வாறு எழுதியோருள் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது. சங்கக் கணக்கை எழுதும் செயலரும், நூலகத்தில் நூல் அடுக்கும் தொண்டரும், விளையாட்டுக் கழகத்தில் திடலைத் துப்புரவு செய்பவரும் அவ்வகையினரே. இப்பண்பினை நம் முன்னோர் 'ஒப்புரவு' என்னும் அழகிய சொல்லால் குறித்தனர். உலகத்தோடு ஒத்து வாழ்ந்து, கைம்மாறு கருதாது உதவுதலே அதன் பொருள்.

நீங்கள் அஞ்சல்தலை தொகுக்கலாம்; காசு தொகுக்கலாம்; பறவைகளைக் கண்டு குறிப்பெழுதலாம். எதுவாயினும், அதில் உங்களுக்கு இன்பம் பிறக்கும்பொழுது, அவ்வின்பத்தை உங்களுக்குக் கிட்டச் செய்த கைகளை எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊரிலும் ஏதேனும் ஒரு சங்கத்தின் மேசைமேல் கணக்கேடு ஒன்று, எடுப்பார் எவரென்று காத்துக் கிடக்கக்கூடும். அதனை எடுக்கும் கை உங்களுடையதாகுக!